அன்பளிப்பாக ஒரு சுருட்டு: என் ஆட்சேபணை

உறையூரில் பிறந்து வளர்ந்தவன் என்று சொன்னால் போதும், சுருட்டைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று ஜனங்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். உறையூரில் நெசவும் உண்டு, வெக்காளியம்மன் கோவிலும் உண்டு. அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

போன மாதம் தம்பி மகன் பெங்களூரிலிருந்து போன் செய்தான். "பெரியப்பா, எங்க டீம்ல ஒருத்தனுக்குக் கொழந்தை பொறந்திருக்கு. எல்லாரும் காசு போட்டு நல்ல சுருட்டா வாங்கிக் குடுக்கலாம்னு இருக்கோம். அவன் இப்பத்தான் ஆறு மாசமா சிகரெட் பிடிக்கிறான். அதனால ரொம்ப ஸ்ட்ராங்கா இருக்கக் கூடாது. ஸ்பெஷலாவும் இருக்கணும். எது வாங்கலாம்?"

எதுவும் வாங்காதே என்றேன். ஏன் என்றான். ரோமிங்கில் இருந்தானோ, மீட்டிங் வந்துவிட்டதோ, முழுதாகக் கேட்காமல் வைத்துவிட்டான். அதனால் இங்கே எழுதுகிறேன். நம் வயதுக்காரர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

முதலில் ஒரு சின்ன விஷயம். பிள்ளை பிறந்தால் சுருட்டு என்பது அமெரிக்க வழக்கம். அங்கே தகப்பனானவன்தான் நண்பர்களுக்கும் ஆபீஸ்காரர்களுக்கும் சுருட்டு கொடுப்பான், நாம் கற்கண்டும் சாக்லேட்டும் கொடுப்பது போல. இவர்கள் அதைத் தலைகீழாக்கி, பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டுக்குச் சுருட்டை அனுப்பி வைக்கிறார்கள். தீட்டு கழியாத வீட்டுக்குள் வெளியூர்ச் செருப்போடு வராதே என்று சொன்ன பாட்டிகள் இருந்த நாடு இது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புதிதாகப் புகைக்கிறவனுக்கு எப்படிச் சுருட்டு தேர்ந்தெடுப்பது என்று இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். திட்டுவதற்கு முன் தெரிந்துகொள்வது நல்லது என்று முப்பத்து நான்கு வருஷம் வங்கியில் கடன் விண்ணப்பங்கள் பார்த்த பழக்கம். அந்த ஆலோசனைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். மேல் இலை வெளிர் பழுப்பாக இருக்கட்டும். அமெரிக்காவில் கனெக்டிகட் பக்கம் துணிப்பந்தல் போட்டு நிழலில் வளர்க்கிற இலை நல்லது. கறுத்த மேல் இலை பார்த்துப் பயப்பட வேண்டாம், நிறத்தை வைத்து மட்டும் வீரியம் தெரியாது. டொமினிகன் நாட்டுச் சரக்கு பொதுவாக இதம், நிகராகுவா காரம். ஏழு அங்குலம் வேண்டாம், நாலைந்து அங்குலம் போதும், அரை மணி முக்கால் மணியில் முடிந்துவிடும். வயிற்றில் சோறு இருக்கட்டும். பக்கத்தில் இனிப்பாக ஏதாவது இருக்கட்டும். மெதுவாக இழு, நெஞ்சுக்குள் வாங்காதே.

இதையெல்லாம் எழுதினவர்கள் விவரம் தெரிந்தவர்கள்தான். தப்பாக ஒன்றும் எழுதவில்லை. அதுதான் எனக்குப் பிரச்னை.

யோசித்துப் பாருங்கள். இத்தனை பத்தியமும் எதற்கு? முதல் சுருட்டு அவனைப் புரட்டிப் போட்டுவிடக் கூடாது என்பதற்கு. நம் ஊரில் முதல் சுருட்டு பிடித்தவன் கதையை யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தலை சுற்றும், நெற்றியில் குளிர்ந்த வியர்வை வரும், வாயில் உமிழ்நீர் ஊறும், அப்புறம் வாந்தி. நிகோடின் ஒரு விஷம், உடம்பு அதைக் கண்டதும் கதவைச் சாத்துகிறது. எங்கள் தெருவில் பத்து பையன்கள் திருட்டுத்தனமாகச் சுருட்டு பிடித்தார்கள் என்றால், ஏழு பேர் அந்த ஒரு நாளோடு கையெடுத்துக் கும்பிட்டு விட்டுவிட்டார்கள். அது உடம்பு செய்த உபகாரம்.

இப்போது பிரியமான நண்பர்கள் ஒன்று சேர்ந்து, காசு போட்டு, ஆராய்ச்சி செய்து, அந்தக் கதவைச் சத்தமில்லாமல் திறக்கிற சாவியைத் தேடுகிறார்கள். வாந்தி வராத சுருட்டு. வாசனையான, இதமான, ருசியான சுருட்டு. "அட, நல்லாத்தான் இருக்கு" என்று அவன் சொல்ல வேண்டும். அவன் அப்படிச் சொல்லிவிட்டால் இவர்களுக்கு வெற்றி. நான் சொல்கிறேன், மோசமான சுருட்டை வாங்கிக் கொடுக்கிறவன்கூட அவ்வளவு கெடுதல் செய்வதில்லை. நன்றாகத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறவன்தான் செய்கிறான்.

"சுருட்டுப் புகையை உள்ளே இழுப்பதில்லையே, சிகரெட் மாதிரி இல்லையே" என்று உடனே ஒரு பதில் வரும். எல்லாச் சுருட்டுப் பிரியர்களும் சொல்கிற பதில் இது. பாதி உண்மை. சிகரெட் புகையில் அமிலத்தன்மை அதிகம், அதனால் அதிலுள்ள நிகோடின் வாய்த்தோல் வழியாக அவ்வளவாக ஏறாது, நுரையீரலுக்குப் போக வேண்டும். சுருட்டுப் புகையில் காரத்தன்மை அதிகம். வாயில் வைத்துக்கொண்டிருந்தாலே கன்னத்தின் உள்தோல் வழியாக ரத்தத்தில் கலந்துவிடும். உள்ளே இழுக்காமலே வேண்டியது கிடைத்துவிடுகிறது என்பதால்தான் சுருட்டுக்காரர்கள் இழுப்பதில்லை. ஏதோ கட்டுப்பாட்டினால் அல்ல. ஒரு பெரிய சுருட்டில் ஒரு பாக்கெட் சிகரெட்டில் இருக்கிற அளவு புகையிலை இருக்கக்கூடும். வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய் என்று சுருட்டு வருகிற வழியெல்லாம் புற்றுநோய்க்கு வழி என்று அமெரிக்க தேசியப் புற்றுநோய்க் கழகம் 1998-லேயே ஒரு முழுப் புத்தகம் போட்டிருக்கிறது.

அது போக, நம் ஆள் ஆறு மாதமாகச் சிகரெட் பிடிக்கிறவன். அவனுக்குப் புகை என்றால் நெஞ்சுக்குள் இழுப்பது. சிகரெட்டிலிருந்து சுருட்டுக்கு வருகிறவர்கள் அந்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டுவருகிறார்கள். "இழுக்காதே" என்று வாழ்த்து அட்டையில் எழுதிக் கொடுத்தால் இழுக்காமல் இருப்பானா?

இந்த இடத்தில் ஒரு பெரிய மனிதரின் கதையைச் சொல்ல வேண்டும். புதிதாகச் சுருட்டு பிடிக்கிறவனுக்கு அன்பளிப்பாகச் சுருட்டு கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

யுலிசிஸ் கிரான்ட். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையை வெற்றிக்குக் கொண்டுபோன தளபதி, பின்னால் இரண்டு முறை ஜனாதிபதி. 1862 பிப்ரவரியில் டென்னசி மாநிலத்தில் டொனெல்சன் கோட்டையை முற்றுகையிட்டிருந்தார். அதுவரை அவர் அவ்வப்போது பைப் பிடிக்கிறவர், அவ்வளவுதான். கடற்படை அதிகாரி ஃபூட் என்பவர் காயம்பட்டுக் கப்பலில் கிடந்தார். அவரைப் பார்க்கப் போன இடத்தில் அவர் ஒரு சுருட்டைக் கொடுத்தார். கிரான்ட் திரும்பி வருகிற வழியில், எதிரி தாக்குகிறான் என்று செய்தி. கையில் அந்தச் சுருட்டோடேயே களத்துக்கு விரைந்து, உத்தரவு போட்டு, கோட்டையைப் பிடித்தார். பத்திரிகைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? சண்டைக்கு நடுவில் தளபதி கையில் சுருட்டு என்று எழுதிவிட்டார்கள்.

அவ்வளவுதான். வடக்கு மாநிலங்களின் ஜனங்கள், நம் தளபதிக்குச் சுருட்டு என்றால் உயிர் போலிருக்கிறது என்று பெட்டி பெட்டியாக அனுப்ப ஆரம்பித்தார்கள். பத்தாயிரம் சுருட்டுகள் வந்து சேர்ந்தன என்று அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். முடிந்தவரை மற்றவர்களுக்குக் கொடுத்தாராம். கையருகில் அத்தனை கிடந்ததால் தானும் சாதாரணமாகப் பிடித்திருப்பதைவிட அதிகமாகப் பிடித்தாராம். அதற்கப்புறம் கிரான்ட் என்றால் சுருட்டு, சுருட்டு என்றால் கிரான்ட்.

1884 கோடையில் பீச் பழம் ஒன்றைக் கடித்தபோது தொண்டையில் சுரீர் என்று வலித்தது. தொண்டைப் புற்றுநோய். அதே வருஷம் கூட்டாளி ஒருவன் மோசடி செய்து கைக்காசெல்லாம் போயிருந்தது. மனைவிக்கு ஏதாவது விட்டுப்போக வேண்டுமே என்று, விழுங்க முடியாத தொண்டையோடு, கம்பளி போர்த்திக்கொண்டு தன் நினைவுகளை எழுதினார். எழுதி முடித்த சில நாட்களில், 1885 ஜூலை 23-ந் தேதி, 63 வயதில் போய்ச் சேர்ந்தார். புத்தகத்தை வெளியிட்டவர் மார்க் ட்வைன். அவரும் ஓயாமல் சுருட்டு பிடித்தவர் என்பது வேறு கதை.

அந்தப் பத்தாயிரத்தில் ஒன்றுகூடக் கெட்ட எண்ணத்தோடு அனுப்பப்படவில்லை. எல்லாம் பிரியம். நல்லதாகப் பார்த்து வாங்கித்தான் அனுப்பியிருப்பார்கள். எதிரி சுட்ட தோட்டாவெல்லாம் தப்பிய மனுஷருக்கு அபிமானிகள் அனுப்பிய பார்சல் வினையாக வந்தது.

எங்கள் குடும்பத்திலும் ஒன்று உண்டு. என் சின்ன மாமா நாற்பது வயது வரை வெற்றிலை பாக்கைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. ஒரு காண்டிராக்டரிடம் கணக்கு எழுதினார். வேலை ஒன்று நல்லபடியாக முடிந்த சந்தோஷத்தில், சிங்கப்பூர் போய் வந்த யாரோ ஒரு பெரிய மனிதர் அவருக்கு ஒரு சுருட்டுப் பெட்டி கொடுத்தார். வாசனையான மரப்பெட்டி, தங்கக் கலரில் எழுத்து. மாமா அதைப் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் வைத்தார்! ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட பின் திண்ணையில் ஒன்று. தெருவே பார்க்கும். பெட்டி தீர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை தீரவில்லையே? உறையூரில் சுருட்டுக்கா பஞ்சம். வாரத்துக்கு ஒன்று தினத்துக்கு ஒன்றாகி, அப்புறம் மூன்றாயிற்று. ஐம்பத்தெட்டு வயதில் கன்னத்துக்குள் வெள்ளையாக ஒரு திட்டு. பிறகு நடந்ததை எழுதப் போவதில்லை. அந்தப் பெட்டியால்தான் வந்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன், வெற்றிலையோடு புகையிலை போட்டவரும்தான். ஆனால் காலிப் பெட்டியில் கடைசி வரை ரசீதுகள் வைத்திருந்தார். மாமி அதை எரிக்கவும் இல்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை.

காலிப் பெட்டி என்றதும் நினைவுக்கு வருகிறது. இப்போது சுருட்டு தனியாக வருவதில்லை. நுனி வெட்ட ஒரு கத்தி, காற்றில் அணையாத லைட்டர், ஈரப்பதம் 65-லிருந்து 70 சதவீதம் இருக்கும்படி பார்த்துக்கொள்கிற ஹியூமிடார் என்ற பெட்டி. தம்பி மகன் போட்டோ அனுப்பினான், அழகாகத்தான் இருக்கிறது. "ஒரே ஒரு சுருட்டுதானே, ஒரு நாள் கொண்டாட்டம்தானே" என்கிறவர்களைக் கேட்கிறேன்: ஒரே ஒரு நாளுக்கு ஹியூமிடார் எதற்கு? வாழ்நாளில் ஒன்று பிடித்தவனுக்கு வருகிற ஆபத்து சொற்பம் என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காலியான பெட்டி நிரப்பச் சொல்லும். மாட்டுக் கொட்டகை கட்டிக் கொடுத்துவிட்டு, மாடு வாங்காதே என்றால் எப்படி?

அடுத்து ஊர்ப்பெருமை. இது என்னை நோக்கி வருகிற அஸ்திரம். ஆங்கிலத்தில் 'செரூட்' என்கிற வார்த்தையே நம் 'சுருட்டு'தான். ஷெர்லாக் ஹோம்ஸ் முதன்முதலில் வந்த 1887-ம் வருஷத்து நாவலிலேயே கொலைகாரன் பிடித்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று சாம்பலைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறார். சர்ச்சிலுக்கு இங்கிருந்து சுருட்டு போனது என்று எங்கள் ஊரில் திண்ணைக்குத் திண்ணை சொல்வார்கள். சர்ச்சில் 1895-ல் கியூபா போனார், அந்த ஊர்ச் சுருட்டைக் கடைசி வரை விடவில்லை என்பதும், ஏழு அங்குலச் சுருட்டுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள் என்பதும் உலகறிந்தது. 'அவர் தொண்ணூறு வயது வாழ்ந்தாரே' என்று ஒரு நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். ஆமாம், வாழ்ந்தார். சிக்மண்ட் ஃப்ராய்டும் எண்பத்து மூன்று வரை வாழ்ந்தார். 1923-லிருந்து தாடையில் புற்றுநோயோடு, முப்பதுக்கு மேல் அறுவை சிகிச்சைகளோடு, வாய்க்குள் செயற்கை அண்ணம் பொருத்திக்கொண்டு. அதைத் தெரிந்துகொண்டே சுருட்டை விட முடியவில்லை அவரால். உலகத்தார் மனசையெல்லாம் ஆராய்ந்தவர். கியூபாவின் காஸ்ட்ரோவைப் பாருங்கள், 'கொஹிபா' என்கிற பேர் பெற்ற சுருட்டே அவருக்காகச் சுற்ற ஆரம்பித்ததுதான். அவரே 1985-ல் சுருட்டை விட்டுவிட்டார். சரக்கு உண்டாகிற ஊர்த் தலைவர் விட்டுவிட்டார், வாங்குகிற ஊர்ப் பிள்ளைகள் ஆரம்பிக்கிறார்கள்.

ஊர்ப்பெருமை எனக்கும் உண்டு. சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சில வீட்டு வாசல்களில் இலையை விரித்து, நரம்பு நீக்கி, ஒரே உருட்டில் சுற்றி முடிப்பார்கள். கண் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம், கை மட்டும் தவறாது. தெரு முழுக்க வெல்லமும் புகையிலையும் கலந்த ஒரு வாசனை. அந்தக் கைவேலைக்கு எழுந்து நின்று வணக்கம் சொல்வேன். அந்தக் கைகளுக்குக் கிடைத்த கூலி என்ன, இருமல் என்ன என்பதையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் பிள்ளைகளில் படித்தவர்கள் யாரும் அந்தப் பலகை முன் உட்காரவில்லை. சுற்றினவர் தன் பிள்ளைக்குக் கொடுக்க விரும்பாததை நான் ஊர்ப்பெருமை என்று ஊரான் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டுமா?

"கருப்பசாமிக்கே சுருட்டு படைக்கிறோமே" என்று என் வாக்கிங் தோழர் ஒருவர் கேட்டார். படைக்கிறோம். மதுரை வீரனுக்கும் முனீஸ்வரனுக்கும் படைக்கிறோம். சாராயமும்தான் வைக்கிறோம். அவர்களுக்குக் கன்னத்தில் திட்டு வராது, ஐயா.

இன்னொரு விஷயம் எனக்கு எரிச்சல் தருவது. 2003-ல் மத்திய அரசு சட்டம் போட்டுப் புகையிலை விளம்பரத்தைத் தடை செய்தது. பதினெட்டு வயதுக்குக் கீழ் விற்கக் கூடாது, பொது இடத்தில் பிடிக்கக் கூடாது. 2016-லிருந்து பெட்டியின் 85 சதவீத இடத்தில் அந்தப் பயங்கரப் படமும் எழுத்தும். கம்பெனிக்காரன் ஒரு காலண்டர்கூட அடிக்க முடியாது. அவன் செய்ய முடியாததை நாம் செய்கிறோம். கலர்க் காகிதம் சுற்றி, ரிப்பன் கட்டி, படம் தெரியாமல் மறைத்து, 'உனக்காகப் பார்த்துப் பார்த்து வாங்கினோம்டா' என்று கையில் கொடுத்து, போட்டோவும் எடுத்துக்கொள்கிறோம். இதைவிட நல்ல விளம்பரத்தை எந்தக் கம்பெனி எடுக்க முடியும்? நண்பன் கொடுத்ததை எப்படி வேண்டாம் என்பது என்று அவனும் பற்றவைக்கிறான். கடையில் தானாகப் போய் வாங்குகிறவனுக்காவது ஒரு நிமிஷம் யோசிக்க இடம் உண்டு.

பிடிக்கிறவர்களை நான் ஏசவில்லை. நாற்பது வருஷமாகச் சுருட்டு பிடிக்கிற பெரியவர்கள் எனக்கு நண்பர்களாக இருக்கிறார்கள். அவர்களிடம் போய் உபதேசம் செய்கிற தைரியமும் எனக்கு இல்லை, உரிமையும் இல்லை. அது அவரவர் காசு, அவரவர் உடம்பு. ஆனால் ஆறு மாதப் பழக்கம் என்பது இன்னும் வேர் பிடிக்காத செடி. பிடுங்கினால் வந்துவிடும். அதற்கு உரம் வாங்க ஆபீஸே சேர்ந்து வசூல் செய்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இனி நம் பங்கு. இந்த வழக்கத்தைப் பையன்கள் வானத்திலிருந்து கற்கவில்லை. நம் காலத்துக் கல்யாணங்களில் சந்தனம், வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் சிகரெட் தட்டு வைத்தது யார்? சம்பந்தி வீட்டாருக்கு நல்ல பிராண்டாக வைக்கவில்லை என்று சண்டை வந்த கல்யாணம் ஒன்றில் நான் பந்தி பரிமாறியிருக்கிறேன். அந்தத் தட்டு நல்லவேளையாகப் போய்விட்டது. அதற்குப் பதில் இப்போது வேறு ஒன்று வந்திருக்கிறது. பிள்ளையைப் பார்க்க அமெரிக்கா, துபாய், சிங்கப்பூர் போய்த் திரும்புகிற நம்மைப் போன்றவர்கள், விமான நிலையத்துக் கடையில் மாப்பிள்ளைக்கும் மருமகனுக்கும் சுருட்டுப் பெட்டி வாங்குகிறோம். 2016-ம் வருஷத்துச் சுங்க விதியில் 25 சுருட்டு வரை வரியில்லாமல் கொண்டுவரலாம் என்று இருந்ததை நம் ஆட்களில் பலர் பென்ஷன் விதியைவிட நன்றாக மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். 'அவர் பிடிக்க மாட்டார், இருந்தாலும் ஒரு கௌரவத்துக்கு' என்று ஒருவர் என்னிடம் சொன்னார். பிடிக்காதவருக்கு எதற்கு ஐயா அந்தக் கௌரவம்?

குழந்தை பிறந்த வீட்டுக்கு என்ன கொடுக்கலாம் என்று கேட்பவர்களுக்கு: வெள்ளிக் கிண்ணம் இருக்கிறது, பாலாடை இருக்கிறது, பருத்தித் துணித் தொட்டில் இருக்கிறது. உறையூரிலிருந்துதான் வேண்டும் என்றால் அந்தப் பெண்ணுக்கு ஒரு நூல் புடவை எடுக்கலாம். பிள்ளை பெற்றவள் அவள், சுருட்டு மட்டும் அவனுக்காம். வெளிநாட்டுப் பயணிகளுக்கு: சுருட்டு அலமாரிக்கு எதிர் அலமாரியில் பேரீச்சம்பழமும் சாக்லேட்டும் இருக்கிறது, விலையும் குறைவு. நமக்குச் சர்க்கரை இருப்பதால் ஆசையாகப் பார்த்துவிட்டு அப்படியே மாப்பிள்ளை கையில் கொடுத்துவிடலாம்.